லூபஸ் நோயாளியும் உறவினரும்: ரத்த மாதிரி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த மாணவி போன வாரம் திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து லூபஸ் (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களின் ரத்தச் செல் குழாய்களை மட்டும் எடுத்து அடுக்கினார். "உறவினர்களுடையவை?" என்று கேட்டேன். "அவை அடுத்த மாதம், மேடம்" என்றார். பகீரென்றது. கையுறை அணிவதையும் லேபிள் ஒட்டுவதையும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. இரு தரப்பு மாதிரிகளையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நோயாளிகள் இன்று, உறவினர்கள் பிறகு

நானும் அதைத்தான் செய்தேன். நோயாளிகள் சிகிச்சைக்கு எப்படியும் வருவார்கள். அவர்களுடைய மாதிரிகள் சீக்கிரம் சேர்ந்துவிட்டன. அம்மா, அக்கா, தங்கைகளை வரவழைக்க ஆறு மாதம் ஆனது. சேரச் சேர உறைநீக்கி, ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை லேசரால் ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களின் மேல் சி.டி.86 என்ற புரதம் நோயாளிகளிடம் பளிச்சென்று தெரிந்தது, உறவினர்களிடம் மங்கல். கருத்தரங்குக்குப் போஸ்டர்கூட அச்சடித்துவிட்டேன்.

பிறகு தொட்டியின் அடியில் ஒரு நோயாளியின் மிச்சக் குழாய் அகப்பட்டது. உறவினர்களின் கடைசி மாதிரிகளோடு அதையும் ஓட்டினேன். அவருடைய செல்கள் அந்த மங்கல் கூட்டத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டன. இடைப்பட்ட மாதங்களில் ஆன்டிபாடி புதிய தொகுதிக்கு மாறியிருந்தது, லேசரும் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. நான் அளந்தது நோயை அல்ல, தேதியை.

"கணினியில் திருத்திவிடலாமே" என்று யாராவது சொன்னால் இன்றும் எரிச்சல் வருகிறது. நோயும் தேதியும் முழுக்க ஒட்டிக்கொண்ட பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நோயாளி, அவருடைய உறவினர், ரத்த உறவில்லாத ஆரோக்கியமானவர் மூவரும் இருக்க வேண்டும். கூடவே, ஒரே நபரின் ரத்தச் செல்களைப் பல குழாய்களில் உறையவைத்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு குழாயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி நகர்ந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

தங்கை நலமாக இருக்கிறார் என்பதால்

நோய் இல்லாத தங்கையின் ரத்தத்திலும் ஏ.என்.ஏ. (செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடி, லூபஸில் வழக்கமாகக் காண்பது) தென்படலாம். அவரை 'ஆரோக்கியமானவர்' பட்டியலில் போடாதீர்கள்.

அண்ணனையும் அப்பாவையும் மட்டும் அழைப்பது

லூபஸ் நோயாளிகளில் 10-க்கு 9 பேர் பெண்கள். பிறகு உங்களுக்குத் தெரிவது ஆண், பெண் வேறுபாடாக இருக்கும்.

மாத்திரை நேரம்

பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குறையும். மாத்திரையின் அளவோடு விழுங்கிய நேரத்தையும் எழுதுங்கள்.

ஃபிக்கால் அடுக்கை நம்புவது

ஃபிக்கால் திரவத்தின் மேல் ரத்தத்தைச் சுழற்றினால் ஒற்றைக்கருச் செல்கள் (லிம்போசைட்டுகள், மோனோசைட்டுகள்) தனி அடுக்காக நிற்கும். ஆனால் லூபஸில் நியூட்ரோபில்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களில் அடர்த்தி குறைந்தவையும் அதே அடுக்கில் வந்து நிற்கும்.

சதவீதம் மட்டும்

ஒரு வகைச் செல் குறைந்தாலே மற்றவற்றின் சதவீதம் ஏறிவிடும். எண்ணிக்கை எங்கே?