எஸ்.ஏ.டி. கேட்காத கல்லூரி எதைப் பார்த்து ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணப் பந்தியில் காதில் விழுந்தது: “அமெரிக்காவில் இப்போது எஸ்.ஏ.டி. கேட்பதில்லையாம், மார்க் இருந்தால் ஸ்காலர்ஷிப்பாம்.” எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத்தேர்வு. கேட்டது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.

சேர்க்கைப் பக்கத்தில் ‘டெஸ்ட் ஆப்ஷனல்’ (தேர்வு கட்டாயமில்லை) என்று பார்த்ததுமே நிம்மதியாகிவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப்புக்கு விதி தனி. சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. கேட்காத கல்லூரியே பெரிய தொகைக்குக் கேட்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2021இல் இரண்டுக்குமே பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. எம்.ஐ.டி. 2022இலும் ஹார்வர்டு 2024இலும் மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. அண்ணன் மகன் சேர்ந்த வருஷத்துக் கதையை நம்ப வேண்டாம். சொல்லப்போனால் ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டிலும் மார்க்கை வைத்துக் கொடுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப்பே கிடையாது; குடும்ப வருமானத்தை வைத்துத்தான் உதவி. அங்கே ஏழு பாடத்தில் வாங்கிய டிஸ்டிங்ஷனைக் காட்டிச் சலுகை கேட்டுப் பயனில்லை.

நம் ஊருக்கே உரிய பெரிய தவறு, 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வான மேட்ரிக்கின் ரிசல்டுக்காகக் காத்திருப்பது. ரிசல்ட் ஜனவரியில் வருகிறது. பல கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப்புக்கான கடைசித் தேதி அதற்கு முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். எஸ்.ஏ.டி.யும் இல்லை, மேட்ரிக்கும் இல்லை என்றால் கையில் என்ன மிஞ்சும்? 9ஆம் வகுப்பிலிருந்து வந்த ரிப்போர்ட்டும், 12இல் ஃபைனலுக்கு முன் எழுதும் டிரையல் தேர்வின் மார்க்கும்தான். “டிரையல்தானே, ஃபைனலில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அசட்டையாக எழுதிய தாள் அங்கே முழு எடையோடு போய் நிற்கும்.

மார்க்கை நீங்களே ஜி.பி.ஏ.வாக, அதாவது அமெரிக்க முறைச் சராசரிப் புள்ளியாக, மாற்றாதீர்கள். இங்கே 80 வாங்கினால் லெவல் 7, அதற்கு மேல் லெவல் இல்லை. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் 90க்கு மேல்தான் ‘ஏ’. நாமாகக் கணக்குப் போட்டால் நல்ல பிள்ளையும் சுமாராகத் தெரியும். உள்ளபடியே அனுப்பி, லெவல் முறையையும் வகுப்பில் எத்தனை பேர் அந்த மார்க்கைத் தொட்டார்கள் என்பதையும் பள்ளியின் கடிதத்தில் விளக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் இல்லாத இடத்தில் அந்தக் கடிதத்துக்கு நிறைய மதிப்பு.

அப்புறம், பிள்ளை செய்யும் வேலைகள். என் தங்கை மகள் ‘கோயில் சேவை’ என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தாள். என்னம்மா செய்தாய் என்று கேட்டால், மூன்று வருஷமாக மாரியம்மன் கஞ்சிக்குச் சாமான் பட்டியல் போடுவதும், நன்கொடைக் கணக்கு எழுதுவதும், விடியற்காலையில் ஆள் பிரித்துவிடுவதும் அவள்தானாம்! “அதெல்லாம் வீட்டு வேலை மாதிரிதானே மாமா” என்றாள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஒரு செயலை விவரிக்க 150 எழுத்துதான் இடம். அதில் கணக்கும் ஆள் எண்ணிக்கையும் வந்தாக வேண்டும். சும்மா சேவை என்றால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஸ்காலர்ஷிப் கடிதம் வந்துவிட்டதா? சரி, இரண்டாம் பக்கத்தையும் படியுங்கள். பெரும்பாலும் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்குதான் கழியும். தங்கும் அறை, சாப்பாடு, இன்சூரன்ஸ், விமான டிக்கெட் எல்லாம் நம் தலையில். அடுத்த வருஷமும் தொடர எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். பல கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நான்கு வருஷத்துக்கும் ரேண்டில் கணக்குப் போட்டுவிடுங்கள்.