லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்னே: தோட்டப் பட்டணத்துத் தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துக் குடும்பங்களில் பாட்டி பால்மரம் வெட்டியிருப்பார், அப்பா செம்பனைக் குலை அறுத்திருப்பார், பிள்ளை கூலிம் ஹை-டெக் பார்க்கில் ஷிப்ட் போய்க்கொண்டிருப்பார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும், அந்த முடிவு தொழிலாளிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. 1996இல் திறந்த ஹை-டெக் பார்க்கிலும் இந்த நிலை மாறவில்லை. சிப் தொழிலில் ஆர்டர் ஏறும், இறங்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் செய்த சோதனையை இன்று கேமரா இயந்திரம் செய்கிறது. எந்த லைன் அடுத்த வருடம் ஓடும் என்று சூப்பர்வைசராலும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட காலத்தில் கம்பெனி நம்மை வளர்த்துவிடும் என்று காத்திருப்பது ஆபத்து. கம்பெனி மாறினாலும் கூடவே வரக்கூடிய சான்றிதழ், கைத்திறன், சந்தாப் பதிவு ஆகியவை உங்கள் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் எல்லாம் அந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஓ.டி.யை (கூடுதல் நேர வேலைப் பணத்தை) சம்பளமாக எண்ணுவது

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு மணி நேரக் கூலிக்கு 1,700ஐ 26ஆல் வகுத்து, வந்ததை 8ஆல் வகுக்க வேண்டும்: 8.17 ரிங்கிட். சாதாரண நாள் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. மாதம் 80 மணி நேரம் செய்தால் 980 ரிங்கிட் கூடுதல். பிடித்தத்துக்கு முன் 2,680. இந்தத் தொகையைக் கணக்கில் வைத்துத்தான் மைவி காருக்குக் கடன் எடுக்கிறார்கள், வீட்டு வாடகை பேசுகிறார்கள். ஆர்டர் குறைந்ததும் கம்பெனி முதலில் நிறுத்துவது ஓ.டி.யைத்தான். ஆளை நிறுத்தாமலே மாதம் 980 ரிங்கிட் காணாமல் போய்விடும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஓ.டி. பணத்துக்கு ஊழியர் சேமநிதி கிடையாது. 1,700 அடிப்படைச் சம்பளத்துக்கு உங்கள் 11 விழுக்காடு 187, முதலாளியின் 13 விழுக்காடு 221, ஆக மாதம் 408 ரிங்கிட் சேரும். அதற்கு மேல் 80 மணி நேரம் உழைத்தாலும் சேமநிதியில் ஒரு காசும் ஏறாது. அதே ஆள் டெக்னீஷியனாகி அடிப்படைச் சம்பளம் 2,300 ஆனால், ஓ.டி. இல்லாமலே மாதம் 552 ரிங்கிட் சேரும். ஆகவே உயர வேண்டியது அடிப்படைச் சம்பளம். அதை உயர்த்துவது படிப்பும் பதவியும்.

படிக்க நேரம் இல்லை என்பதற்குப் பெரும்பாலும் ஓ.டி.தான் காரணம். சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரம் ஓ.டி. உச்சவரம்பு, அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டே இருப்பவரால் எதையும் படிக்க முடியாது. வாரத்தில் இரண்டு மாலையோ ஒரு ஓய்வு நாளோ ஒதுக்குங்கள். ஷிப்ட் மாறி மாறி வருகிறதென்றால், வகுப்பு அட்டவணையை இரண்டு மாதம் முன்பே சூப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ‘முடியாது’ என்றுதான் பதில் வரும்.

ஏஜென்ட் வழி சேர்ந்துவிட்டுத் தாளைப் பார்க்காமல் இருப்பது

ஹை-டெக் பார்க் வாசலில் பஸ் இறங்கினாலும், உங்கள் முதலாளி அந்தத் தொழிற்சாலையாக இல்லாமல் ஆள் அனுப்பும் ஏஜென்டாக இருக்கலாம். சம்பளச் சிட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. அவர் சம்பளத்தில் பிடித்த சேமநிதிப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 16ஆம் தேதி கைப்பேசியில் உங்கள் சேமநிதிக் கணக்கைக் காட்டும் ஐ-அக்கவுன் திறந்து பாருங்கள். சிட்டையில் பிடித்தம் இருந்து கணக்கில் இல்லையென்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் கே.டபிள்யூ.எஸ்.பி. (சேமநிதி வாரியம்) கிளைக்குச் சிட்டையோடு போங்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாவையும் அப்படியே சரிபாருங்கள்.

ஒப்பந்தத்தில் முடியும் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தேதி முடிந்து வேலை நின்றால், வேலை இழந்தவருக்குச் சொக்சோ பணம் தரும் வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவி கிடைக்காது. ஆண்டாண்டாக ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருப்பவர்கள் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேறு இடத்துக்கு விண்ணப்பம் போடத் தொடங்குவது நல்லது.

பத்து வருட அனுபவம், ஒரு தாள்கூட இல்லை

தோட்டப் பட்டணங்களில் மிக வருத்தமான தவறு இதுதான். பழுதான மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவார், வெல்டிங் பிசிறில்லாமல் வைப்பார், பம்ப் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்வார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மட்டும்தான் கையில் இருக்கும், சிலரிடம் அதுவும் இருக்காது. புதுக் கம்பெனியில் மறுபடி ஆபரேட்டர் சம்பளத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.

இவர்கள் மறுபடி வகுப்பில் உட்காரத் தேவையில்லை. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டு இலாகாவான ஜே.பி.கே., அனுபவத்தை மதிப்பிட்டே மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்.கே.எம்.) தருகிறது. இந்த வழிக்கு ‘பெங்கிக்திராஃபான் பென்சபாயான் தெர்டாஹுலு’, சுருக்கமாக பி.பி.தி. என்று பெயர். எஸ்.கே.எம். 1, 2, 3 என்று மூன்று நிலை, நான்காம் நிலை டிப்ளோமா (டி.கே.எம்.), ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா.

முதலில், நீங்கள் செய்யும் வேலைக்கு ஜே.பி.கே. வெளியிட்டுள்ள ‘நோஸ்’ என்ற தொழில் தர ஆவணத்தைத் தேடிப் பிடியுங்கள். அந்த வேலையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் அலகு அலகாக இருக்கும். ஒவ்வொரு அலகுக்கும் உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள்: நியமனக் கடிதம், வேலைப் பொறுப்புப் பட்டியல், பராமரிப்புப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து உள்ள பக்கம், நீங்கள் வேலை செய்யும் படம், உள்பயிற்சிச் சான்றிதழ், மேலாளர் உறுதிக் கடிதம். இவற்றைக் கோப்பாக்கிக் கொடுத்தால் மதிப்பீட்டு அதிகாரி கோப்பைப் பார்ப்பார், நேரில் கேள்வி கேட்பார்.

எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், வேலையை விட்ட பிறகு ஆதாரம் தேடுவதில். பழைய மேனேஜர் மாறியிருப்பார், தோட்டம் கைமாறியிருக்கும், பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. வேலையில் இருக்கும்போதே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆதாரம் சேர்த்து வையுங்கள். பல தொழிற்சாலைகளில் உள்ளே படம் எடுக்கத் தடை உண்டு. அனுமதி இல்லாமல் எடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும். எச்.ஆர். அனுமதியோடு எடுங்கள், கிடைக்காவிட்டால் உறுதிக் கடிதத்தில் இயந்திரத்தின் பெயர், செய்த வேலை, தொடங்கிய வருடம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘நல்ல ஊழியர், கடின உழைப்பாளி’ என்று மட்டும் எழுதிய கடிதம் மதிப்பீட்டில் எடுபடாது.

இலவசம் என்பதற்காக எதையாவது படிப்பது

சான்றிதழ் எண்ணிக்கையால் சம்பளம் ஏறாது. பணமோ நேரமோ போடும் முன், சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் கூலிம், சுங்கை பட்டாணி, பினாங்கு வேலை விளம்பரங்களில் இருபதை எடுத்துப் படியுங்கள். நீங்கள் படிக்க நினைக்கும் சான்றிதழ் எத்தனையில் கேட்கப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றிலும் இல்லையென்றால் அந்தப் படிப்பைத் தள்ளி வையுங்கள்.

எங்கள் கருத்தில், சட்டம் கட்டாயமாக்கிய தகுதிகளே நிலையற்ற காலத்தில் அதிகப் பாதுகாப்பானவை. முதலாளிக்கு லாபம் குறைந்தாலும் அந்த ஆள் இல்லாமல் இடத்தை நடத்த முடியாது. மின்சாரத்தில் சார்ஜ்மேன் (மின் அமைப்பைப் பார்த்துக்கொள்பவர்): எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்றிதழ் தருகிறது, ஏ வரிசை குறைந்த மின்னழுத்தத்துக்கு, பி வரிசை உயர் மின்னழுத்தத்துக்கு. செம்பனை மில்லில் பாய்லர்மேன் (நீராவிக் கொதிகலனை இயக்குபவர்): இதற்கு டோஷ் எனப்படும் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் தேர்வு. பாய்லரில் வேலை செய்த அனுபவம் வேண்டும் என்பதால் மில் பக்கத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எட்டும் தூரம்தான். அதைத் தோட்ட வேலை என்று ஒதுக்குவது பெரிய இழப்பு. பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை இன்னும் எளிதில் கைக்கு வரும்: 2024 ஜூன் 1 முதல் ஐந்து அல்லது அதற்கு மேல் ஊழியர் இருந்தாலே, அவர்களில் ஒருவரை முதலாளி இதற்கு நியமிக்க வேண்டும். உங்கள் பட்டறையில் யார் என்று கேளுங்கள். யாரும் இல்லையென்றால் முன்வாருங்கள்.

பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் அது ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்றதா, நீங்கள் சேரும் குறிப்பிட்ட பிரிவுக்கும் நிலைக்கும் அந்த அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். மையத்துக்கு அங்கீகாரம் இருந்து பிரிவுக்கு இல்லாமல் போவது உண்டு. அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு பி.தி.பி.கே. (திறன் மேம்பாட்டு நிதிக் கழகம்) கடன் கேட்கலாம். சுங்கை பட்டாணியில் கிஸ்மெக், பாயான் லெப்பாஸில் 1989 முதல் நடக்கும் பி.எஸ்.டி.சி. ஆகிய இரண்டு பயிற்சி மையங்களிலும் விசாரித்துப் பாருங்கள்.

கம்பெனிப் பணத்தில் படிக்கக் கேட்காமல் இருப்பது

சட்டத்தின் கீழ் வரும் துறைகளில் பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர் வைத்திருக்கும் முதலாளி, மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பயிற்சி வரியாகக் கட்டுகிறார். ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால்தான் அந்தப் பணத்தை அவர் பயன்படுத்த முடியும். அப்படியிருந்தும் ‘ஏதாவது கோர்ஸ் இருக்கா?’ என்று வாய்வழியாகக் கேட்டால் பதில் வராது. பயிற்சியின் பெயர், மையம், தேதி, கட்டணம், அதனால் உங்கள் லைனில் என்ன குறையும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ‘வெளியாள் மெக்கானிக்கைக் கூப்பிடும் செலவு மிச்சம்’ போன்ற ஒரு வரி இருந்தால் எச்.ஆர். அதை மேலே கொண்டுபோவார்.

விண்ணப்பத்தில் ‘புரொடக்ஷன் ஆபரேட்டர், 2017–2025’ என்று ஒரே வரியில் எட்டு வருடத்தை முடித்துவிடாதீர்கள். எந்த இயந்திரம், எத்தனை, எந்த ஷிப்ட், புதியவர்கள் எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.

சேமநிதியில் 2024 மே முதல் வந்த ஃபிளெக்சிபல் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழுகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தீபாவளிக்குத் துடைத்து எடுத்துவிட்டால் வேலை போகும் மாதத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. கம்பெனியோ தோட்டமோ கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேலையோடு வீடும் போகும்.

சொன்ன இடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுப்பது

ஆட்குறைப்பு வரும்போது சிலரைத் தனியாக அறைக்குக் கூப்பிடுவார்கள். “நீங்களே லெட்டர் கொடுத்துடுங்க அண்ணே, ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அடுத்த வேலைக்கு நல்லது” என்பார்கள். அந்த ஒரு கையெழுத்தால் இரண்டு பணம் போகும்.

முதலாவது, ஆட்குறைப்பு இழப்பீடு. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்கு 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இது உரிமை. ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் கூலி. இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். ஏழு வருடம் வேலை செய்தவருக்கு 140 நாள் கூலி. இதை வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம் தனி: அதே சேவைக் கணக்கில் 4, 6, 8 வாரம்.

இரண்டாவது, 2018 முதல் நடப்பில் உள்ள வேலை காப்புறுதித் திட்டம். இதற்கும் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதல் தடவை கேட்பவருக்குக் கடைசி 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதம் 40, ஐந்தாம் ஆறாம் மாதம் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது சந்தாவைப் பொறுத்தது. 2,400 சம்பளக்காரருக்கு ஆறு மாதமும் கிடைத்தால் ஏறக்குறைய 6,480 ரிங்கிட். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது இல்லை. கம்பெனி முறையாக அறிவிக்கும் வி.எஸ்.எஸ். எனப்படும் விருப்ப விலகல் திட்டத்தில் போகிறவருக்கு உண்டு. ஆகவே கையில் கொடுக்கும் தாளில் ‘வி.எஸ்.எஸ்.’ அல்லது ‘ஆட்குறைப்பு’ என்று இருக்கிறதா, ‘ராஜினாமா’ என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அறையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேன், இந்த லெட்டர்ல ஒரு காப்பி குடுங்க.” அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டாயப்படுத்தினால் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று அன்றிரவே எழுதி வையுங்கள். சங்கம் இருந்தால் உடனே தெரிவியுங்கள்.

பிறகு நாள் கணக்கு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோவில் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்றால் அதே 60 நாளுக்குள் ‘ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான்’ (தொழில் உறவு இலாகா) அலுவலகத்தில் தனியாக மனு கொடுக்க வேண்டும். இழப்பீட்டுப் பணம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார். ஒரு வாசலில் கொடுத்தது மற்ற வாசலில் தானாகப் பதிவாகாது. ‘கம்பெனி கூப்பிடும்’ என்று இரண்டு மாதம் வீட்டில் காத்திருந்து இந்த நாளைத் தவறவிட்டவர்கள் நிறைய.

உதவித்தொகை முடியட்டும் என்று கிடைத்த வேலையைத் தள்ளிப் போடுவதும் தவறு. இடையில் வேலை கிடைத்தால் மீதித் தொகையில் 25 விழுக்காட்டைச் சொக்சோ மொத்தமாகத் தரும். மேலே சொன்ன 2,400 சம்பளக்காரர் முதல் மாதத் தொகையை வாங்கிவிட்டு இரண்டாம் மாதம் வேலைக்குச் சேர்ந்தால், மீதி 4,560 ரிங்கிட்டில் 1,140 கையில் வரும், புதுச் சம்பளமும் ஓடத் தொடங்கும். சேர்ந்ததும் நியமனக் கடிதத்தோடு சொக்சோவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.