பொக்லைன் ஃபைனல் டிரைவ் ஆயிலை நீங்களே பார்த்து மாற்றுவது எப்படி

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் ஒரு தேயிலைச் சரிவில் ரோடு வெட்டிக்கொண்டிருந்தோம். 20 டன் பொக்லைன். மூன்றாவது நாள் மதியம் இடது பக்கச் செயினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், அப்புறம் அந்தப் பக்கம் இழுக்கவே இல்லை. அந்தப் பக்க ஃபைனல் டிரைவின், அதாவது மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் செயினைச் சுற்றவைக்கும் கியர் டப்பாவின், கவரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளானட் கியர் மூன்றிலும் பல் உடைந்து கிடக்கிறது, ஆயில் பால் டீ நிறத்தில் வழிகிறது. சர்வீஸ் சீட்டில் அந்த ஆயிலைப் பார்த்ததாக டிக் அடித்திருந்தார்கள். ஆனால் ஆயில் மட்டம் பார்க்கத் திறக்கும் மூடியான லெவல் பிளக்கில், ஆறுமூலை அலன் கீ இறங்கும் குழியில் பழைய செம்மண் கல்லாக இறுகிக் கிடந்தது. யாரும் அதில் கீ வைத்துத் திருப்பவே இல்லை.

இன்ஜின் ஆயில் குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஃபைனல் டிரைவுக்கு அப்படி எதுவும் கிடையாது. சத்தம் கேட்கும்போது உள்ளே பல் போயிருக்கும். அதனால்தான் புதிதாக வண்டிக்கு வந்த ஆபரேட்டரும் ஹெல்ப்பரும் இந்த ஒரு வேலையையாவது தானே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

பல்சக்கரம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது மலை ரயில். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்பட்டையை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும், 12.5 அடிக்கு ஒரு அடி ஏற்றம். பொக்லைன் அதைவிடச் செங்குத்தான சரிவில் 20 டன் எடையோடு ஏறுகிறது. அதற்கான இழுவை முழுவதும் செயினின் அகலத்துக்குள் அடங்குகிற ஒரு டப்பாவிலிருந்து வர வேண்டும். சாதாரண கியர் ஜோடியில் பல்லும் பல்லும் ஒரே இடத்தில்தான் தொடும், பாரம் முழுக்க அந்த ஒரு இடத்தில் விழும். ஃபைனல் டிரைவுக்குள் இருப்பது பிளானட்டரி என்னும் அமைப்பு. அதில் நடுவில் ஒரு சன் கியர், அதைச் சுற்றி மூன்று அல்லது நான்கு பிளானட் கியர்கள், அவற்றைத் தாங்கும் கேரியர், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய ரிங் கியர். பாரம் மூன்று நான்கு இடங்களில் பிரிந்துவிடுகிறது, அதனால் சின்ன இடத்தில் பெரிய இழுவை கிடைக்கிறது.

கணக்கு கஷ்டமில்லை. சன்னில் 20 பல், பிளானட்டில் 25, ரிங்கில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு சன்னைச் சுற்றினால் 70-ஐ 20-ஆல் வகுத்து 3.5, அதோடு 1 கூட்டி 4.5. அதாவது சன் நாலரைச் சுற்று சுற்றினால் கேரியர் ஒரு சுற்று வரும். கழற்றி வைத்த செட் ஒன்று கிடைத்தால் சன்னின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக் கையாலேயே சுற்றிப் பாருங்கள், படத்தில் பார்ப்பதைவிடச் சீக்கிரம் புரியும். இதையே இரண்டு கட்டமாக அடுக்கினால் வேகம் இன்னும் குறைந்து இழுவை கூடும். பல பொக்லைன்களில் கடைசிக் கட்டத்தில் கேரியர் அசையாமல் நிற்க ரிங்தான் சுற்றும், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ரிங் இருக்கும் வெளிக்கூட்டிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். மொத்தக் குறைப்பு 50 மடங்கு என்றால், வண்டியை நகர்த்தும் ஹைட்ராலிக் மோட்டாரான டிராவல் மோட்டார் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது ஸ்ப்ராக்கெட் 40 சுற்றுதான் சுற்றும்.

இன்னொரு பாகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், ஃப்ளோட்டிங் சீல். கண்ணாடி மாதிரித் தேய்த்த இரண்டு இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் ஒட்டிச் சுற்றும், அவற்றைப் பின்னாலிருந்து அழுத்த இரண்டு ரப்பர் வளையங்கள். ஆயிலை உள்ளேயும் சேற்றை வெளியேயும் நிறுத்துவது இதுதான். நம் மலைச் செம்மண் ஈரத்தில் களியாக அந்த இடுக்கில் அப்பிக்கொண்டு, வெயிலில் காய்ந்து இறுகி, ரப்பரைத் தள்ளிவிடும். சாயங்காலம் வண்டியை நிறுத்தும் முன் ஸ்ப்ராக்கெட் பின்பக்கச் சேற்றைக் கம்பியால் கிளறி எடுக்கும் ஹெல்ப்பர் முதலாளிக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்துகிறார். அந்த வேலையை யாரும் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது.

ஆரம்பிக்கும் முன்

சமதரை வேண்டும். நீலகிரியில் அதுதான் கஷ்டம், தெரியும். ஆனாலும் சரிவில் நிறுத்தி லெவல் பார்த்தால் லெவல் தப்பாகத்தான் காட்டும், உயிருக்கும் ஆபத்து. ரோட்டோரத் திருப்பமோ தோட்டத்து ஃபேக்டரி வாசலோ, கொஞ்ச தூரம் ஓட்டிப் போனாலும் பரவாயில்லை. அந்த ஓட்டத்தில் ஆயில் லேசாகச் சூடாகி இளகும், அதுவும் நல்லதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஆயில் மாற்றக் கவரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கிங் பிரேக் இருப்பது மோட்டார் பக்கம். ஆர்வத்தில் கவரைத் திறந்து சன் கியரை உருவிவிட்டால் பிரேக்குக்கும் செயினுக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துபோகும், அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. சரிவில் நிற்கும் வண்டி அப்படியே உருள ஆரம்பிக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிளக்குக்குச் சரியான அலன் கீ அல்லது ஸ்பேனர், வாயகன்ற டிரே, செயினுக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டைகள், மூடியுள்ள பழைய கேன், பிளக்குக்குப் புது ஓ-ரிங் (கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), ஒரு காந்தம், சுத்தமான துணி. ஆயில் எது என்பதை உங்கள் வண்டியின் மேனுவல்தான் சொல்ல வேண்டும். பலவற்றுக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், சிலவற்றுக்கு வேறு கிரேடு. அளவும் அப்படித்தான், ஒரே 20 டன் வகுப்பிலேயே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டு ஊற்றாதீர்கள்.

பிளக்கைத் திறப்பது

ஃபைனல் டிரைவின் வெளிமுகத்தில் இரண்டோ மூன்றோ பிளக் இருக்கும். ஒருவர் கேபினில், ஒருவர் கீழே தள்ளி நின்று சைகை காட்ட, வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக் நேர் கீழே, கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். லெவல் பிளக் 3 அல்லது 9 பக்கம் வரும். நிறுத்தியதும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக் கீழே இருப்பவர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளட்டும். பிறகு செயினுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

பிளக்கைச் சுற்றி முதலில் துடைத்து, அலன் குழியிலிருந்து மண்ணைக் குத்தி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கீ பாதிதான் இறங்கும், குழி உருண்டுபோகும். பிறகு மேலே இருக்கும் பிளக்கை (இரண்டே இருந்தால் லெவல் பிளக்கை) திருப்பவும். நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், ஓடி நின்ற வண்டியில் சூடான ஆயில் பீய்ச்சி அடிக்கும். அரைத் திருப்பு திருப்பி, புஸ்ஸென்று காற்று போகும் வரை காத்திருந்து, அப்புறம் முழுதாகக் கழற்றுங்கள்.

லெவல் மட்டும் பார்க்க வந்திருந்தால் வேலை இங்கேயே முடிந்தது, லெவல் பிளக் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். பல மேனுவல்களில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை லெவல், 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று இருக்கும். களிமண்ணிலும் ஓடையிலும் நிற்கும் வண்டிக்கு நான் மழைக்காலத்தில் அதில் பாதி நேரத்திலேயே திறந்து பார்த்துவிடுவேன்.

விரலில் எடுத்துப் பார்ப்பது

இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயிலை டிரேயில் இறக்கும்போது முதல் சொட்டுகளை இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். பால் ஊற்றாத டீ போலக் கறுத்திருந்தாலும் வழவழப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் டீ நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஃப்ளோட்டிங் சீலைப் பார்க்க வேண்டும். புது ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டால் அடுத்த மழையில் அதே கதைதான். கருகின வாசனை வந்தால் ஆயில் குறைந்தோ பாரம் தாங்காமலோ ஓடியிருக்கிறது.

பிறகு டிரேக்குள் காந்தத்தை ஓட்டுங்கள். சாம்பல் நிறத்தில் பசைபோல ஒட்டும் நுண்துகள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பல்லோடு பல் உரசும் இடம் அது. ஆனால் நகத்தால் எடுக்க முடிகிற சில்லு கிடைத்தால் வண்டியை வேலைக்கு அனுப்பாதீர்கள். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் வெண்கல வாஷர் தேய்வதைக் காட்டும்.

லெவல் குறைவதை எல்லோரும் கவனிப்பார்கள், கூடுவதைப் பலர் கவனிப்பதில்லை. திறந்ததும் அளவுக்கு மேல் ஆயில் கொட்டுகிறது, அதுவும் தண்ணியாக இருக்கிறது என்றால் டிராவல் மோட்டாரின் சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் கியருக்குள் வருகிறது. மோட்டாருக்குள் கசியும் ஆயிலைத் திருப்பி அனுப்பும் குழாயான டிரெயின் லைன் அடைத்தாலோ நசுங்கினாலோ அழுத்தம் ஏறி அந்த சீல் போய்விடும். சீல் மட்டும் மாற்றி லைனைப் பார்க்காமல் விட்டால் புது சீலும் போகும்.

ஊற்றுவது

டிரெயின் பிளக்கைப் புது ஓ-ரிங்கோடு மேனுவல் சொன்ன இறுக்கத்துக்கு மூடிவிட்டு, மேல் ஓட்டை வழியாக மெதுவாக ஊற்றுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலையில் கியர் ஆயில் தேன் மாதிரித்தான் இறங்கும். லெவல் ஓட்டையில் எட்டிப் பார்த்ததும் மூடிவிடாமல் பத்து நிமிடம் காத்திருங்கள், கியர்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்ததும் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றி, விளிம்பில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி மூடுங்கள். நிறைய ஊற்றினால் நல்லது என்று இல்லை, அதிகமானால் சூடேறி சீலைத் தள்ளும்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து சரிவில் கொட்டாதீர்கள். இங்கே கொட்டுவது ஓடை வழியாகப் பவானிக்கோ மோயாற்றுக்கோதான் போகும், நடுவில் எத்தனையோ ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. கேனில் மூடி வைத்துக் கழிவு ஆயில் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுங்கள்.

அடுத்த பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள், ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது என்று மற்றதை விடக் கூடாது. முடிந்ததும் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், மறுநாள் காலையிலும் ஒருமுறை. ஈரம் இல்லையென்றால் ஹவர் மீட்டர் எண்ணைப் பெயிண்ட் பேனாவால் செயின் ஃப்ரேமின் உள்பக்கத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து வண்டிக்கு வரும் ஆபரேட்டர் அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை எப்போது திறப்பது என்று முடிவு செய்வார்.