மலையில் இருப்பவர்கள் கார் வாங்கும்போது: கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூர் இறங்கித்தான் ஓட்டிப் பார்க்கிறோம். அவிநாசி ரோட்டில் ஒரு ரவுண்டு, ஒரு யூ டர்ன், திரும்ப ஷோரூம், டெஸ்ட் டிரைவ் முடிந்தது. அந்தச் சமதளத்தில் எந்த ஆட்டோமேட்டிக்கும் வழுக்கிக்கொண்டு போகும். நானும் அப்படி ஓட்டிப் பார்த்துத்தான் ஏ.எம்.டி. என்கிற வகை ஆட்டோமேட்டிக்கை முதலில் வாங்கினேன், இரண்டாவது மே மாத சீசன் முடிவதற்குள் கிளட்ச் போய்விட்டது. ஏற்றத்தில் அதை எப்படி நிறுத்தி வைக்க வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்களாவது கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதலில், ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். ஏ.எம்.டி., டி.சி.டி., சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர் என்று நாலு வகை இருக்கிறது, மலையில் நாலும் நாலு விதம்.

விலை குறைந்த கார்களில் வருவது ஏ.எம்.டி. மாருதி இதை ஏ.ஜி.எஸ். என்கிறது, 2014-இல் செலேரியோவில் வந்த பிறகுதான் நம் நாட்டில் பரவியது. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி கிளட்சை மிதித்து கியரை மாற்றுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு தாண்டி மேலே வருகிறீர்கள், கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நிற்கிறது, பின்னால் இருபது வண்டி, முன்னால் ஒரு முழம் ஒரு முழமாக நகர்கிறது. பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டபடியே வண்டியை நிற்க வைக்கத் தோன்றும், கால் தானாக அங்கே போகும். மேனுவலில், அதாவது கியர் வண்டியில், கிளட்சைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்சில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும் ஆகிறது, ஆனால் காலில் அது தெரிவதில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்பு எரிகிற மாதிரி ஒரு நாற்றம் உள்ளே வரும். வந்தால் பிளேட் கருகுகிறது என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நில்லுங்கள், முன்வண்டி ஒரு கார் நீளமாவது நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் எடுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச், ஒன்று 1, 3, 5 கியருக்கு, மற்றது 2, 4, 6-க்கு. ரோடு காலியாக இருந்தால் மலையில் இதைப் போல் ஓட்ட சுகமானது வேறில்லை. ஆனால் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையாக இருந்தால் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது சூடாகி டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டும், அதனால் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி.வி.டி. பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடுவது. ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், அந்தச் சத்தத்துக்கு ஏற்ற வேகம் வராது, பழகிக்கொள்ளலாம். டார்க் கன்வர்ட்டரில் இழுவை எண்ணெய் வழியாகப் போகிறது, நின்று நின்று ஏறும்போது தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் இல்லை. மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், மேனுவலை விட ஒரு லட்சத்துக்கு மேல் கூட ஆனாலும்.

இன்னொன்று, உயரம். 1,000 மீட்டர் ஏறினால் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும் என்பது தோராயக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. சின்ன இன்ஜின், ஐந்து பேர், மேலே லக்கேஜ், அதோடு எந்த கியர் போடலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கும் ஆட்டோமேட்டிக் என்றால் லவ்டேல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். டர்போ வண்டிக்கு இந்த இழப்பு குறைவு.

வாங்குகிறவர்கள் எல்லாரும் ஏறுமா என்றுதான் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850 மீட்டர், நடுவில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான் ரோடு. அவ்வளவு உயரத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் பிரேக் சூடாகி, பெடல் மெத்தென்று உள்ளே போகும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் நடந்த விபத்துகளில் பல இப்படித்தான். நான் ஓட்டப் பழகிய நாளில் மேட்டுப்பாளையத்து டாக்ஸி அண்ணன் ஒருவர் சொன்னார், "எந்த கியர்ல ஏறுனியோ அதுலயே இறங்கோணும் அம்மணி, நியூட்ரல் பக்கமே போகக்கூடாது." மேனுவலில் இது சுலபம், இரண்டில் போட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கை வெறும் டி-யில் (டிரைவ்) விட்டால், நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது மேல் கியருக்குப் போய்விடலாம், பிடிமானம் போய் பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். அதனால் நான் கார் பார்க்கப் போனால் முதலில் பார்ப்பது லீவரைத்தான். எம் என்று மேனுவல் மோடு, அல்லது கீழ் கியரிலேயே பிடித்து வைக்கும் எல், 2, அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத வண்டி மலைக்கு வேண்டாம். எலெக்ட்ரிக் கார் யோசிப்பவர்களும் இதைக் கவனியுங்கள், ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் பேட்டரியில் இடம் இருக்காது, காலை எடுத்ததும் வண்டியைப் பிடித்து அதை மின்சாரமாக்கி பேட்டரிக்கே அனுப்புகிற அந்த ரீஜென் ஆரம்பத்தில் சரியாக வேலை செய்யாது.

இறங்கும்போது பிரேக் நாற்றம் வந்துவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி ஆற விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும்.

அப்புறம் ரிவர்ஸ். எஸ்டேட் ரோட்டில் கேரட் மூட்டை லாரி மேலே ஏறி வருகிறது, ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி, அகலமான இடம் உங்களுக்குப் பின்னால், அதாவது ஏற்றத்தில் இருக்கிறது. அங்குலம் அங்குலமாகப் பின்னால் ஏற வேண்டும், ஒரு பக்கம் மண் சரிவு. ஏ.எம்.டி. தடுமாறுவது இந்த இடத்தில்தான், முதலில் நகராது, பிறகு சட்டென்று பாயும். வீட்டுக்குப் போகிற வழியே இப்படிப்பட்ட ஒற்றை ரோடு என்றால் மேனுவலோ டார்க் கன்வர்ட்டரோ எடுங்கள். முட்டி வலி இருப்பவர்கள் மேனுவலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பணம் இடித்தால், அல்லது பக்கத்து மெக்கானிக்கே கிளட்ச் மாற்ற வேண்டும் என்றால் மேனுவலில் ஒரு குறையும் இல்லை. மாதம் ஒரு முறை மட்டும் மலை ஏறுகிற கோவைக்காரருக்கு, ஹேண்ட் பிரேக் பழக்கம் இருந்தால் ஏ.எம்.டி.யே போதும்.

சரிவில் நிறுத்தும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். மேனுவல் என்றால் மேல் நோக்கி நிறுத்தும்போது முதல் கியர், கீழ் நோக்கி என்றால் ரிவர்ஸ். பி (பார்க்) இருக்கும் ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்தபடி என்-னுக்கு (நியூட்ரல்) வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பி போடுங்கள். நேராக பி போட்டால் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும், காலையில் லீவரை எடுக்கும்போது டக்கென்று இடிக்கும். பெரும்பாலான ஏ.எம்.டி.யில் பி கிடையாது, கியரில் வைத்துத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும். எதுவானாலும் சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவிநாசி ரோடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டமில்லாத நாளாகப் பார்த்து மருதமலைப் பாதைக்குப் போகலாமா என்று கேளுங்கள், கோவையிலேயே வளைவும் ஏற்றமும் அங்கே கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி எடுங்கள், பின்னால் நகர்கிறதா என்று பாருங்கள், ஆள் இல்லாத இடத்தில் ரிவர்ஸிலும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். இறங்கும்போது இரண்டில் போட்டு, பிரேக்கைத் தொடாமல் எவ்வளவு தூரம் வண்டி தன்னைத் தானே பிடிக்கிறது என்று கவனியுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத ஷோரூம் என்றால் வேறு ஷோரூம் போங்கள்.