வேதாகமத்தின் ஓரத்தில் வண்ணம் தீட்டும்போது

மனதைத் தொட்ட வசனத்தை அதே பக்கத்தின் ஓரத்தில் படமாகவோ அழகிய எழுத்தாகவோ வரைந்து தியானிப்பது எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். ஆனால் வேதாகமத் தாள் மெல்லியது. ஸ்கெட்ச் பேனா வைத்தால் மறுபக்கத்து வசனங்கள்வரை மை ஊறிவிடும். என் வேதாகமத்தில் ஒரு பக்கமே அப்படித்தான் வாசிக்க முடியாமல் போயிற்று. கலர் பென்சில் போதும். அடியில் கெட்டி அட்டை வைத்து, அழுத்தாமல் தீட்டுங்கள். பேனாதான் வேண்டுமென்றால், கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள். ஓரத்தில் இடமே இல்லையா? பட்டர் பேப்பரில் வரைந்து, உள்விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். தூக்கினால் வசனம் தெரியும்.

தொடங்க நல்ல இடம், வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் 119-ஆம் சங்கீதம். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். மூலமொழியில் ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் ஒரே எபிரெய எழுத்தில் தொடங்கும். என்ன அருமையான அமைப்பு! நாளுக்கு ஒரு பகுதி. முதலில் ஜெபம், பிறகு இரண்டு முறை வாசிப்பு, அதன்பிறகே பென்சில். ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்’ என்னும் 105-ஆம் வசனத்துக்கு வரும்போது சிறிய அகல்விளக்கு ஒன்று வரையுங்கள். பக்கத்தில் தேதியும், அன்று என்ன பாரத்தோடு வாசித்தீர்கள் என்று ஒரு வரியும்.