கிராஸ் கன்ட்ரி உலகப் போட்டி: முந்தைய நாள் தடத்தை நடந்து பார்ப்பது எப்படி?

புல், மண், மேடு பள்ளம் என்று திறந்தவெளியில் ஓடும் பந்தயம் கிராஸ் கன்ட்ரி. உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் சீனியர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இப்போது 10 கி.மீ. 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 8, பெண்களுக்கு 6. இதைப் பார்த்துவிட்டு டிராக்கில் ஓடிய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் சுற்றிலேயே கணக்கு தப்பிவிடும். இங்கே கடிகாரத்தைவிட மண்ணுக்குத்தான் மதிப்பு. அந்த மண்ணைப் பழகிக்கொள்ள முந்தைய நாள் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தை செல்ஃபியிலேயே கரைத்துவிடுபவர்கள் உண்டு.

தடத்தை இரண்டு முறை சுற்றுங்கள். விதிப்படி ஒரு சுற்று 1,500 முதல் 2,000 மீட்டர்தான்; ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் சுற்று சாதாரண ஷூவில் நடை. இரண்டாவது, நாளை போடப்போகும் ஸ்பைக் ஷூவில் (அடியில் முள் திருகிய ஷூ) மெதுவான ஓட்டம். இரண்டையும் பந்தயம் போகும் திசையிலேயே செய்யுங்கள். எதிர்த்திசையில் நடந்தால் ஏற்றமெல்லாம் இறக்கமாகத் தெரியும். மனதில் பதிவது தப்பான படம்.

நடக்கும்போது நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று குதிகாலை அழுத்திப் பாருங்கள். குதிகால் அச்சே பதியவில்லை என்றால் கெட்டி மண்: 6 மி.மீ. முள் போதும். புல் அமுங்கி லேசாகக் குழி விழுந்தால் 9. குதிகால் புதைந்து ஈரம் கசிந்தால் 12. காலை எடுத்ததும் குழியில் தண்ணீர் ஊறினால் 15. செயற்கைத் தளம் அல்லாத இடத்தில் 25 மி.மீ. வரை விதி அனுமதிக்கிறது. அதற்காக நீளமான முள்ளே நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டி மண்ணில் 15 மி.மீ. முள் இறங்காது. உடம்பின் எடை முழுவதும் முள் நுனியில் நிற்கும். இரண்டாம் சுற்றில் முன்பாதம் எரியும், மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சேற்றில் குட்டை முள் போட்டால் ஒவ்வொரு அடியிலும் கால் கொஞ்சம் பின்னால் வழுக்கும். பார்ப்பவருக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். தடத்தில் இரண்டு வகை மண்ணும் இருந்தால் எது அதிகமோ அதற்கு முள் போடுங்கள், அரை சுற்றுக்கு மேல் கெட்டியாக இருந்தால் குட்டை முள்தான். பசைக் களிமண்ணுக்கு மட்டும் முள்ளின் நீளம் வைத்தியம் ஆகாது. முட்களுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். அங்கே புல் மிச்சமிருக்கும் ஓரத்தைத் தேடி வைத்துக்கொள்வதுதான் வழி.

முள்ளை முந்தைய இரவே மாற்றுங்கள். மரையில் துளி வாசலின் தடவி, முதலில் கையால் திருகி, நேராக இறங்கிய பிறகு முள் திருகும் சாவி போடுங்கள். எடுத்த எடுப்பில் சாவியால் முறுக்கினால் மரை போய்விடும். போட்டி ஊரில் அந்த ஷூவுக்கு மாற்றுக் கிடைப்பது சந்தேகம். மறுநாள் வார்ம்-அப் முடிந்ததும் ஒவ்வொன்றையும் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், நிச்சயம் ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

சுற்றுக்குக் குறைந்தது 10 மீட்டராவது ஏற்றம் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஒரே மேடாகவும் வரலாம், ஐந்தாறு சின்ன மேடுகளாகவும் வரலாம். 2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் சரிந்த புல் கூரை மேலேயே தடம் போட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூரையில் ஏற வேண்டும். இப்படிப்பட்ட மேட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது அடிவாரத்தை அல்ல, உச்சியை. ஏறி முடித்ததும் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு பத்து காலடி தளர்வார்கள். உச்சியைத் தாண்டியபின் தரை சமமாக இருந்தால் அங்கே முப்பது காலடி அழுத்தி ஓடுவது, ஏற்றத்தில் முந்துவதைவிட மலிவு. உச்சியிலேயே இறக்கம் தொடங்கினால் இந்த வித்தை பலிக்காது. எல்லோருக்கும் வேகம் சும்மா வரும்.

திருப்பங்களில் உள்ஓரம், வெளிஓரம் இரண்டிலும் நடந்து பாருங்கள். ரிலேயும் ஜூனியர் பந்தயங்களும் முடிந்தபின் சீனியர்கள் ஓடும்போது உள்ஓரம் உழுத வயலாகியிருக்கும். தொண்ணூறு டிகிரி திருப்பத்தில் 2 மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் கூடுவது சுமார் 3 மீட்டர்தான். வழுக்கி வேகத்தை இழந்து திரும்பப் பிடிப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. பந்தய நாளில் முதல் போட்டி முடிந்ததும் கோச் போய்த் திருப்பங்களை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு வரட்டும்.

இனி ஸ்டார்ட். ஒவ்வொரு அணிக்கும் ஒரு குறுகிய கட்டம். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முதல் 300 மீட்டருக்கு வழி குறுகக்கூடாது. அதற்குப் பிறகு எங்கே குறுகுகிறது என்பதைக் கால்வைத்து அளந்து, பக்கத்தில் ஒரு மரத்தையோ கொடிக்கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் இடத்தைப் பிடித்தாக வேண்டும். 5, 3, 1 நிமிட எச்சரிக்கைகள் வரும். ஐந்தில் மேலுடையைக் கழற்றி லேஸை இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். மூன்றில் ஐம்பது மீட்டர் வேக ஓட்டம் ஒன்றிரண்டு. ஒன்றில் கோட்டில் நிற்க வேண்டும்.

கட்டத்தில் யார் முன்னால் நிற்பது? சிறந்த ஓட்டக்காரரை முன்னால் விடுவதுதான் வழக்கம். அதை மாற்றலாம் என்பது எங்கள் கருத்து. அணிக்கு ஆறு பேர் ஓடி முதல் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுகிறார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. 5, 9, 22, 40 என்று வந்த அணிக்கு 76. 12, 16, 19, 26 என்று வந்த அணிக்கு 73. முதல் பத்தில் ஆளே இல்லாமல் ஜெயித்துவிட்டது. சமன் ஆனாலும் எந்த அணியின் நான்காம் ஆள் முன்னால் வந்தாரோ அதற்குத்தான் வெற்றி. முதல் ஆள் நெரிசலில் மாட்டினாலும் மெல்ல மேலே வந்துவிடுவார். நடுக்கூட்டத்தில் ஓடும் நான்காம் ஆள் ஐந்து விநாடி தாமதித்தால் பல இடங்கள் போய்விடும். மூன்றாம், நான்காம் ஆட்களை முன்னால் நிறுத்துங்கள்.

வெயில் அடித்தால் எல்லாத் திட்டமும் மாற வேண்டும். 2007-இல் கென்யாவின் மொம்பாசா வெக்கையில், இந்தப் போட்டியைப் பலமுறை ஜெயித்த எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலேயே ஓட்டத்தை முடிக்காமல் விலகினார். 2017-இல் உகாண்டாவின் கம்பாலாவில் சொந்த மண்ணில் பெரிய முன்னிலையோடு ஓடிய ஜோஷுவா செப்டெகெய் கடைசிச் சுற்றில் தள்ளாடி 30-ஆம் இடத்துக்குப் போனார். தண்ணீர் இடம் எந்தப் பக்கம், எத்தனை மேசை என்று நடையின்போதே பாருங்கள். முதல் சுற்றிலிருந்தே தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளுங்கள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஓடும் கலப்பு ரிலேயில் ஒருவருக்குச் சுமார் 2 கி.மீ. மாற்றும் பகுதி 20 மீட்டர். கோட்டுக்கு வெளியே மாற்றினால் செல்லாது. அந்த இருபது மீட்டரில் தரை சரிவா சமமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசி இருநூறு மீட்டரை அணி மொத்தமும் சேர்ந்து நடக்க வேண்டும், உதவியாளர்கள் உட்பட. 2023-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் முன்னிலையில் இருந்த எத்தியோப்பியாவின் லெட்டெசன்பெட் கிடே முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் விழுந்தார். கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் தாண்டிப் போய் ஜெயித்தார். விழுந்தவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டதால் கிடே தகுதிநீக்கம் ஆனார். தானாக எழுந்து வந்திருந்தால் பதக்கத்துக்கு வாய்ப்பு இருந்தது. விழுந்தால் குரல் கொடுக்கலாம், கை கொடுக்கக்கூடாது என்பதை அந்த இடத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

பந்தயம் முடிந்த இரவே முட்களைக் கழற்றிக் கழுவித் துடைத்து வையுங்கள். சேற்றோடு ஒரு வாரம் பையில் கிடந்தால் துருப்பிடித்து மரையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சாவி திரும்பாது.