பூத் வாசலை மட்டும் காவல் காத்தால் போதுமா? தேர்தல் பாதுகாப்பில் நாம் செய்யும் தவறுகள்

தேர்தல் அறிவித்ததும் எங்கள் ஊரில் முதலில் கண்ணில் படுவது துணை ராணுவத்தின் கொடி அணிவகுப்புதான். பஸ் ஸ்டாண்டில் தொடங்கி, கடைத்தெரு வழியாக தாலுகா ஆபீஸ் வரைக்கும் துப்பாக்கியோடு வரிசையாக நடந்து போவார்கள். பார்க்கிற ஜனங்களுக்கு ஒரு தெம்பு வரும், அது தேவையும்தான். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியராக நான்கு தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரச்சினை பெரும்பாலும் அந்த அணிவகுப்பு போகாத தெருவில்தான் கிளம்புகிறது, அதுவும் வாக்குப்பதிவு நாளுக்கு முன்போ பின்போ. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாக்காளர், வியாபாரி, கட்சி ஏஜென்ட், அதிகாரி என்று எல்லோருமே ஒரே மாதிரியான சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

முதல் தவறு, பூத்துக்குள் தகராறு இல்லையென்றால் எல்லாம் அமைதி என்று எழுதிவிடுவது. ஒரு தடவை என் பூத்தில் காலை பதினொரு மணிவரை வரிசை நன்றாகவே நகர்ந்துகொண்டிருந்தது. வாசலில் போலீஸ்காரர் நிழலில் நிற்கிறார், உள்ளே ஏஜென்ட்கள் பெயர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு சத்தமில்லை. வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், நடுவில் மூன்று பக்கத்துக்கு ஒரு டிக் கூட இல்லை. மூன்று பக்கமும் ஒரே தெரு, ஊருக்குத் தெற்கே இருக்கிற காலனி. மண்டல அலுவலருக்கு போன் போட்டேன், அவர் இரண்டு போலீஸ்காரர்களோடு நேரே அந்தத் தெருவுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து பெண்கள் முன்னால் வர, தெருவே திரண்டு வந்து ஓட்டுப் போட்டது. முந்தின நாள் ராத்திரி யாரோ வந்து "நாளைக்கு அந்தப் பக்கம் தலை காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் பட்டியலைப் பார்க்காமல் இருந்திருந்தால், என் டைரியில் "வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது" என்றுதான் எழுதியிருப்பேன்.

இதைச் சாதாரண மிரட்டல் என்று நினைக்கிறவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135ஏ பிரிவின்படி, ஒரு வாக்காளரை மிரட்டி வாக்குச்சாவடிக்குப் போகவிடாமல் தடுப்பதும் "பூத் கைப்பற்றல்"தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மட்டும்தான் என்று இல்லை. குறைந்தது ஓராண்டு சிறை. அரசு ஊழியரே இதைச் செய்தால் குறைந்தது மூன்றாண்டு. தேர்தலுக்கு முன்பே எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு மிரட்டலுக்கு ஆளாகலாம் என்று அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அந்தக் கணக்கை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, போன தேர்தல் பட்டியலைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அதிகாரிகள் செய்கிற மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன். மக்கள் பக்கம் இருக்கிற தவறு, அப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது. பயம் புரிகிறது, ஆனால் அந்த நேரத்தில் சொன்னால்தான் ரோந்து அந்தப் பக்கம் திரும்பும்.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அன்று அந்த ஊரில் வாக்குப்பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது. உடைந்தது ஓட்டு மெஷின் இல்லை, குடியிருந்த வீடு. பூத்துக்கு எத்தனை பேர் காவல் என்று மட்டும் கணக்குப் போட்டால் இப்படிப்பட்ட தெருவுக்கு ஆள் மிஞ்சாது.

அடுத்து பணம். இதில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, பட்டுவாடா செய்கிறவர்களைக் கண்டும் காணாமலும் விடுவது. இன்னொன்று, பட்டுவாடாவுக்கே சம்பந்தமில்லாதவர்கள் காகிதம் இல்லாமல் பணத்தோடு கிளம்பி மாட்டிக்கொள்வது. பணம் தேர்தலையே நிறுத்திவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இருக்கிற அளவுக்கு உதாரணம் வேறெங்கும் கிடைக்காது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் கடைசி நேரத்தில் ரத்தாகி, டிசம்பர் 21-ஆம் தேதிதான் நடந்தது. 2019-இல் வேலூரில் 10 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்ட பிறகு மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5-க்குத் தள்ளிப்போனது. அதாவது பணத்தைக் கையில் தொடாத வேலூர்க்காரரும் புது மக்களவை அமைந்த பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் எம்.பி. இல்லாமல் இருந்தார். "அவங்க குடுக்கறாங்க, நாங்க வாங்கறோம், ஓட்டு எங்க இஷ்டம்" என்று சொல்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், சட்டத்தின் கண்ணில் கொடுப்பவர் மட்டுமில்லை, வாங்குபவரும் குற்றவாளிதான்.

சரி, சொந்தப் பணம் கொண்டு போகிறவர்கள் கதைக்கு வருவோம். நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் ஆவணம் கையில் இருக்க வேண்டும். ஆட்டுச் சந்தைக்குப் போகிறவர், நெல் விற்று வருகிறவர், மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர் எல்லாம் இதில் மாட்டுகிறார்கள். வங்கியில் எடுத்த பணம் என்றால் பாஸ்புக்கோ எடுத்ததற்கான சீட்டோ, விற்ற பணம் என்றால் பில், கல்யாணச் செலவு என்றால் பத்திரிகையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பறக்கும் படை பணத்தை எடுத்துவிட்டால் அங்கேயே சண்டை போடுவதில் பலனில்லை. அங்கே கட்டாயமாகச் செய்ய வேண்டியது, எவ்வளவு பணம், எந்த இடம், யார் எடுத்தார்கள் என்று எழுதிய ரசீதை வாங்குவது. அது இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டு, அப்புறம் தாலுகா ஆபீஸுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கென்றே ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்க் குழு இருக்கிறது, வேட்பாளரோடோ கட்சியோடோ சம்பந்தமில்லாத பணம் என்று காட்டினால் விடுவித்துவிடுவார்கள். 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித் துறைக்கும் தகவல் போகும், அதனால் கணக்கு சரியாக இருக்கட்டும்.

பட்டுவாடாவைப் பார்த்துவிட்டு வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அடுத்த தவறு. குரூப்பில் இருக்கிற இருநூறு பேரும் பார்ப்பார்கள், அதற்குள் கொடுத்தவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி 2018-இலிருந்து இருக்கிறது. அதில் புகார் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, கேலரியில் இருக்கிற பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது. செயலியைத் திறந்து, அதிலேயே, சம்பவம் நடக்கிற இடத்திலேயே எடுக்க வேண்டும், அப்போதுதான் இடம் தானாகப் பதிவாகும், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பியும் விட வேண்டும். அதனால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றுகிற இடத்தில் கேமராவைத் தூக்க வேண்டாம், விலகி வந்து 100-க்குக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு செய்தி சுற்றும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று. இரண்டுமே பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது. உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கனவே கள்ள ஓட்டுப் போட்டிருந்தால், 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 49P விதிப்படி உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு கொடுப்பார்கள், அதுதான் டெண்டர் ஓட்டு. அது மெஷினில் சேராது, தனி உறையில் போகும், சாதாரணமாக எண்ணவும் மாட்டார்கள், வழக்கு என்று போனால்தான் அதற்கு மதிப்பு. அப்புறம் எதற்குப் போட வேண்டும் என்று கேட்கலாம். கள்ள ஓட்டு விழுந்ததற்கு அரசாங்கப் பதிவேட்டில் நீங்கள் விட்டுவருகிற ஒரே சாட்சி அதுதான், கோபத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அதுவும் இருக்காது. இந்த 14 சதவீதக் கதையை நம்பி ஒருவர் என் பூத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தார், வெளியே வரிசை நீண்டு, தள்ளுமுள்ளாகி, கடைசியில் போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு பார்வர்ட் மெசேஜ் ஒரு பூத்தை எப்படிக் கலைக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். போலி வீடியோக்களும் இப்போது வந்துவிட்டன. 2024-இல் தேர்தல் ஆணையம், அப்படிப்பட்டவை கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி மூன்று மணி நேரம் என்பது ரொம்ப அதிகம், அதனால் நம் கையிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

செல்போனை உள்ளே கொண்டு போய் ஓட்டுப் போட்டதைப் படம் எடுப்பதும் விளையாட்டு இல்லை. பணம் கொடுத்தவனும் மிரட்டியவனும் கேட்கிற அத்தாட்சி அந்தப் படம்தான். ஒருவர் எடுக்க முடியும் என்று ஆகிவிட்டால் எல்லோரிடமும் கேட்க ஆரம்பிப்பார்கள்.

இப்போது கட்சி ஏஜென்ட்களுக்கு. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு, குறைந்தது 50 ஓட்டு. அந்த நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு டீக்கடையில் நிற்காதீர்கள். போட்ட 50 ஓட்டையும் கண்ட்ரோல் யூனிட்டில் அழித்தார்களா, விவிபேட்டில் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் மெஷின்) இருந்த சீட்டுகளை எடுத்து கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்தார்களா என்று நின்று பாருங்கள். இதை மறந்தால் ராத்திரி கணக்கு உதைக்கும், வதந்தி அங்கிருந்துதான் பிறக்கும்.

மாலையில் நடப்பது இதைவிடப் பெரிய தவறு. ஆறு மணி ஆனதும் ஏஜென்ட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். 2024-இல் என் பூத்தில் கடைசிவரை இருந்தவர் ஒரே ஒருவர், எழுபது வயதிருக்கும், ரப்பர் செருப்பு, சட்டைப் பையில் ஒரு பால்பாயின்ட் பேனா. நான் க்ளோஸ் பட்டனை அழுத்தி டோட்டல் பார்த்ததும் எட்டிப் பார்த்தார். "பதிவேட்டுல என்னங்கய்யா வருது?" என்று கேட்டார். ஓட்டுப் போட்டவர்களைப் பதிகிற 17ஏ பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன், அதே எண். மெஷின் எண்ணையும் முத்திரை எண்ணையும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், பிறகு பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கிற 17சி படிவத்தின் நகலை வாங்கி, நான்காக மடித்து அந்தப் பையிலேயே வைத்துக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். எண்ணிக்கை நாளில் அவர் கட்சியின் மேஜையில் உட்காருகிறவருக்கு அந்த ஒரு தாள் போதும், மெஷின் மாறிவிட்டதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்த நகலை ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டியது அதிகாரியின் கடமை. ஆனால் வாங்க ஆள் இருக்க வேண்டுமே.

மெஷின்கள் கிளம்பிய பிறகும் கண் வேண்டும். 2021 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு வேளச்சேரியில் ஸ்கூட்டரில் மெஷின்களை எடுத்துப் போனபோது மக்கள் மடக்கினார்கள். அதில் ஒரு விவிபேட் அன்று வாக்குப்பதிவில் பயன்பட்டது என்று தெரிந்து, 92-ஆம் எண் பூத்தில் ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. இதில் அதிகாரிகள் செய்த தவறு தெளிவானது, உபயோகித்ததோ உபயோகிக்காததோ, எந்த மெஷினும் போலீஸ் காவலும் ஜிபிஎஸ் வண்டியும் இல்லாமல் நகரக் கூடாது. நம் பக்கம் செய்யக் கூடாதது, வண்டியைக் கவிழ்ப்பதும் ஆளை அடிப்பதும். மெஷின் உடைந்துவிட்டால் ஆதாரமும் போய்விடும். வண்டி எண், நேரம், மெஷின் எண் இவற்றைக் குறித்துக்கொண்டு, போலீஸையும் தேர்தல் நடத்தும் அலுவலரையும் வரவழைத்து, அவர்கள் வரும்வரை சுற்றி நின்றால் போதும்.

எண்ணிக்கை வரை மெஷின்களைப் பூட்டி வைக்கிற ஸ்ட்ராங் ரூமும் அப்படித்தான். உள்வட்டத்தில் துணை ராணுவம், வெளியே மாநிலப் போலீஸ், இரட்டைப் பூட்டு, கேமரா. இவ்வளவு இருந்தும் 2019-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள் ஓர் அதிகாரி அனுமதியில்லாமல் போய்வந்தது தெரிந்து பெரிய பிரச்சினையானது. 2024-இல் ஊட்டியில் கேமராத் திரைகள் சுமார் 20 நிமிடம் இருண்டுபோயின, வெப்பத்தால் ஏற்பட்ட கோளாறு என்று விளக்கம் வந்தது. அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேட்பாளரின் ஆட்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் இரண்டு நாள் கூட்டமாக உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் நாற்காலி மட்டும் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது.

கடைசியாக, என்னை இன்னமும் தூங்கவிடாத ஒன்று. முடிவு அறிவித்ததும் பாதுகாப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவது. மதுரை மாவட்டம் மேலவளவு பஞ்சாயத்து 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலுக்குப் பயந்து முதலில் மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள், பிறகு நடந்த தேர்தலில் வாக்குப்பெட்டிகளைப் பறித்துக்கொண்டு போனார்கள், கடைசியில் 1996 டிசம்பர் 31-ஆம் தேதி போலீஸ் பாதுகாப்போடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். வாக்குப்பதிவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குக் கிடைக்கவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, பட்டப்பகலில், அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

உள்ளாட்சித் தேர்தலில் ஒதுக்கீட்டு இடத்தில் ஜெயித்தவர்கள், தோற்ற பக்கத்துக்கு ஏஜென்டாக இருந்தவர்கள், புகார் கொடுத்தவர்கள் இவர்களுக்கெல்லாம் ஆபத்து எண்ணிக்கைக்கு அடுத்த நாள்தான் தொடங்குகிறது. மிரட்டல் வந்தால் வாய்வார்த்தையாக ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வராதீர்கள். எஸ்.பி. அலுவலகத்திலும், திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர் நாளிலும் எழுத்தில் மனு கொடுங்கள், யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதுங்கள், மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ஒரு நகலைப் பக்கத்து ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.